சுட்டால் தெரியாத விரல்கள்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகிற சாலையில் ஒரு நர்சரி இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ரோஜாத் தொட்டிகளைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டு, இறங்காமல் போய்விடுகிற இடம். அங்கே வேலை செய்கிற பெண்கள் இளவரசிக்கு டாக்டரம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். மண் கலக்க உட்காருவதற்கு முன் அவள் செய்கிற ஏற்பாடுகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். முதலில் சோப்புக் கட்டியை எடுத்து எல்லா நகத்தாலும் பிறாண்டுவாள். நகக்கண்ணில் சோப்பு போய் அடைத்துக்கொண்டால் மண் ஏறாது, சாயங்காலம் கழுவினால் நகம் சுத்தமாக வந்துவிடும். அதன் மேல் தேங்காயெண்ணெய். அதற்கு மேல் வெள்ளைப் பருத்தியில் ஒரு உறை, அதற்கும் மேல் ரப்பர் உறை. களைக்கொத்தியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கும். டீ வந்தால் முந்தானையை நாலாக மடித்துத்தான் கிளாஸைப் பிடிப்பாள். நகத்தை வெட்டுவதில்லை, உப்புத்தாளால் தேய்ப்பாள். வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை என்றும் பார்க்கமாட்டாள்.

"கையி இந்த மினுக்கு மினுக்குதே டாக்டரம்மா, மறுபடியும் மாப்ள பாக்க வராங்களா?" என்று பக்கத்தில் செம்பருத்திக் குச்சி ஊன்றுகிறவள் கேட்பாள்.

"அலர்ஜி. உரம் ஒத்துக்க மாட்டேங்குது" என்பாள் இளவரசி. சிரிக்கவும் செய்வாள். நாற்பத்து மூன்று வயதில் ஒரு பொய்யை ஆறு வருஷம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கென்று ஒரு சிரிப்பும் தானாக வந்துவிடுகிறது.

அலர்ஜியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவளுடைய வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் செத்துப்போய்விட்டன. இடது கையில் சுண்டுவிரலிலிருந்து உள்ளங்கை ஓரம் வரைக்கும் அதே கதி. பார்வைக்கு ஒன்றும் தெரியாது, அந்த விரல்கள் லேசாக உள்பக்கம் மடங்கியிருக்கும், அவ்வளவுதான். முள் குத்தினால் தெரியாது, கண்ணாடி கிழித்தால் தெரியாது, நெருப்பே பட்டாலும் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது கருகல் வாடை வந்தது. யார் வீட்டிலோ காலங்காத்தால கருவாடு சுடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது தோசையைத் திருப்பும்போதுதான் கல்லின் விளிம்பில் தன் விரல் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்று சொன்னார்கள். அட்டை அட்டையாக மாத்திரை கொடுத்தார்கள், ஒரு வருஷம் சாப்பிட்டாள், நோய் போய்விட்டது. மாத்திரை ஆரம்பித்ததுமே யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார்கள். ஆனால் போன உணர்ச்சி போனதுதான். அங்கிருந்த சிந்துஜா என்கிற நர்ஸ், வயதில் சின்னவள், நெற்றியில் வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசுவாள். கைக்குக் காவல் எப்படி வைப்பது என்று சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

"எங்களுக்கெல்லாம் அடிபட்டா வலி வந்து சொல்லிடும்க்கா. உங்களுக்குச் சொல்ல ஆளில்ல, நீங்களேதான் பாத்துக்கணும். சாயங்காலம் சாயங்காலம் கைய தண்ணில ஊறவெச்சி, எண்ணெ தடவி, திருப்பித் திருப்பிப் பாருங்க. உள்ள வெள்ள உறை போடுங்க, முள்ளு கிள்ளு குத்துனா சேப்பாத் தெரிஞ்சிடும்."

இந்த விஷயம் புருஷன் கதிர்வேலுக்குத் தெரியும். நர்சரிக்கு லோடு வண்டி ஓட்டுகிறவன். பிடிக்கு டியூப் சுற்றியது அவன்தான். வேறு யாருக்கும் தெரியாது. தங்கச்சி வெண்மதிக்குக்கூடத் தெரியாது. முக்கியமாக அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் இளவரசி ஆறு வருஷமாக இந்தப் பாடு பட்டாள்.

சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன், கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கையை வாளித் தண்ணீரில் விடுவாள். அந்த நேரத்துக்கு அம்மா வந்துவிடுவாள்.

வருவாள் என்றால், கண்ணால் பார்த்தேன் என்று இளவரசி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் பயம். ஆனால் துணி துவைக்கிற கல்லில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற கனம் அவளுக்குத் தெரியும். திரும்பினால் கல் மட்டும் இருக்கும். இன்னொன்றும் உண்டு. நெருப்பு தெரியாத அந்த விரல்களை, அந்த நேரத்தில் யாரோ பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். உயிருள்ள விரல்களில் அது தெரியாது, செத்த விரல்களில் மட்டும் தெரியும். நரம்பு சில நேரம் அப்படி ஏமாற்றும் என்று சிந்துஜா சொன்னாள். இளவரசி தலையாட்டிவிட்டு வந்தாள். நரம்புக்கு எப்படி அம்மாவுடைய பிடி தெரியும் என்று அவளைக் கேட்க முடியுமா?

அம்மா பேர் தைலம்மாள். கம்மாபுரம் பக்கத்தில் ஒரு ஊர். இளவரசிக்குப் பதினாலு வயதாகும்போது, இனிமேல் எங்கே என்று எல்லாரும் நினைத்திருந்த வேளையில், வெண்மதி பிறந்தாள். அந்தக் காலத்திலேயே அம்மாவின் விரல்கள் மடங்கித்தான் இருந்தன. நாற்று நட்டு நட்டு அப்படி ஆகிவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். ஊரும் கேட்டுக்கொண்டது.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில், கொல்லையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டுக்கொண்டாள். இளவரசி சொம்பு வைத்துக்கொண்டு நின்றாள். அண்டாவில் வெந்நீர். அதிலிருந்து ஆவி வந்ததை இளவரசி பார்த்தாள். அம்மா கையை விட்டுத் துழாவினாள்.

"பதமாத்தான் இருக்குது. ஊத்துடி."

கை விட்டுப் பார்த்த பெரிய மனுஷியே சொல்கிறாள் என்று ஊற்றினாள். அப்புறம் பிள்ளை போட்ட சத்தம் இன்றைக்கும் அவள் காதை விட்டுப் போகவில்லை. குக்கர் விசில் அடித்தால்கூட ஒரு நொடி தூக்கிவாரிப் போடும். வெண்மதியின் முதுகில், இடது தோளுக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது. பால் கொட்டிவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். வெண்மதிக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தார்கள். அவளுக்கு இரண்டு வயது முடிவதற்குள் அம்மா காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். அப்பா அடுத்து அதிக நாள் தாங்கவில்லை. அதன் பிறகு வெண்மதிக்குத் தாயும் தகப்பனும் இளவரசிதான். இளவரசி வயிற்றில் பிள்ளை தங்காததால், அவளுக்கும் பிள்ளை என்றால் வெண்மதி ஒருத்திதான்.

அந்த வெண்மதிக்குச் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட இரண்டாவது வருஷம் வளைகாப்பு வந்தது. மாமியார் ராமாமிர்தம் கைராசி, முகராசி எல்லாம் பார்க்கிற ஆள். கெட்டவள் இல்லை, கண் மட்டும் ஜாஸ்தி. வடக்கு வீதிக்குப் பின்னாலிருந்த அவர்கள் வீட்டில் முந்தின நாளே பெண்களெல்லாம் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இளவரசி மட்டும் வேண்டாம் என்றாள்.

"பொண்ணுக்குத் தாயி ஸ்தானத்துல இருக்கறவ. கை வெறுமனே இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் ராமாமிர்தம்.

"அலர்ஜி அத்தை. எது பட்டாலும் பொரிஞ்சிடுது."

மருதாணியின் சிவப்பில் காயத்தின் சிவப்பு மறைந்துவிடும். அதனால்தான் அவள் வைப்பதில்லை. ராமாமிர்தம் அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தாள். இளவரசி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இழுத்த பிறகுதான், அம்மா சாகிற வரைக்கும் செய்த வேலை அது என்று உறைத்தது. வளைகாப்பு முடிந்து பஸ் ஏறிக் கடலூர் வருகிற வரைக்கும் கையை அவள் வெளியே எடுக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையோடு வெண்மதி அக்கா வீட்டுக்கு வந்தாள். குளிப்பாட்டுவதற்கு இளவரசி தெருக்கோடியிலிருந்து ஒரு அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டாள். வெண்மதிக்கு அது பொறுக்கவில்லை.

"என்னக்கா நீ, ஊர்ல இல்லாத ஆளாட்டம். என்னெ வளத்த கையிதான அது? எம்புள்ளக்கி நீ ஒரு சொம்பு ஊத்த மாட்டியா?"

"உரத்துல பொழங்குற கையி. கொழந்த தோலுக்கு ஆவாது."

இளவரசி அடுப்படிக்குள் போய்விட்டாள். கையில் கரண்டியை வைத்துக்கொண்டு எதற்காக உள்ளே வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். தூக்கி வளர்த்த பிள்ளையை ஒரு சொம்புத் தண்ணீருக்குக் கெஞ்ச வைத்துவிட்டோமே என்று அழுகை வந்தது. ஆனால் வெந்நீருக்குப் பக்கத்தில் தன்னை விடக்கூடாது என்பதில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள்.

தைப்பூசத்துக்கு அந்தக் குளிப்பாட்டுகிற அம்மா வடலூருக்கு ஜோதி பார்க்கப் போய்விட்டாள். பிள்ளைக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டதோடு சரி. ஆனால் பெற்றவளுக்கு எண்ணெய் தேய்க்காமல் விட முடியாது. கொல்லையில் வெண்மதி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இளவரசி வாகாகப் பின்னால் பலகை போட்டுக்கொண்டு, உணர்ச்சியுள்ள விரல்களில் மட்டும் எண்ணெய் தொட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு தங்கச்சியின் முதுகை அவள் பார்க்கிறது அதுதான் முதல் தடவை.

பழைய தழும்பு சுருங்கி, பளபளவென்று இருந்தது. அதைத் தாண்டி, இடுப்புப் பக்கமாக, நிறம் வெளுத்து ஒரு இடம் இறங்கியிருந்தது. தை மாதக் குளிர்காற்றில் முதுகெல்லாம் மயிர்க்கூச்செறிந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அந்த வெளுத்த இடத்தில் மட்டும் ஒரு புள்ளி இல்லை, ஒரு பூனைமயிர் இல்லை. கோடு போட்ட மாதிரி அந்த விளிம்போடு நின்றுவிட்டது. இளவரசியின் முழங்கைக்கு மேலே ஆறு வருஷத்துக்கு முன்னால் இருந்தது இதே வெளுப்புதான். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

"என்னக்கா அங்கயே நிக்கற? பால் கொட்டுன எடந்தான? அதுல தேச்சாலும் ஒண்ணு, தேய்க்காட்டியும் ஒண்ணு" என்றாள் வெண்மதி. கொஞ்சம் பொறுத்து, "புள்ளயத் தூக்கித் தூக்கி இந்தச் சுண்டுவெரலு வேற மரத்து மரத்துப் போவுதுக்கா" என்று கையை உதறிக் காட்டினாள்.

இளவரசி கையை எடுத்துக்கொண்டாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கல்லின் பக்கம் திரும்பாமலே, அங்கே ஆள் வந்து உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. பட்டப்பகலில் வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நர்சரியிலிருந்து சிந்துஜாவுக்கு போன் செய்தாள். தெரிந்த ஒருத்திக்கு என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணா ஏமாறுகிறவள்?

"உங்க தங்கச்சியாக்கா?" என்றாள் எடுத்த எடுப்பில். "அன்னிக்கே கேட்டனே. வீட்டுல யாரு யாரு இருக்கீங்க, எல்லாரையும் கூட்டியாங்க, ஒரு தடவ பாத்துடறோம்னு. தங்கச்சி ஹாஸ்டல்ல இருக்கா, வரதே இல்லன்னீங்க."

ஹாஸ்டலும் இல்லை, ஒன்றும் இல்லை. சிதம்பரத்துக்குப் படிக்கப் போய்விட்டு, தினம் சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து அக்கா போட்ட சோற்றைத் தின்றவள்தான் வெண்மதி. ஆஸ்பத்திரியில் பேர் எழுதிவிட்டால் நாளைக்கு வரன் தட்டிப்போகும் என்று இளவரசி ஒளித்துவிட்டாள். அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்தாள். அந்த நினைப்பில்தான் இத்தனை வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டாள், தூங்கினாள்.

"உங்கம்மாவுக்கும் வெரலு மடங்கி இருந்துச்சின்னு சொன்னீங்களே, அவங்ககிட்டேர்ந்து அப்பவே வந்து இத்தன வருஷம் உள்ள கெடந்திருக்கும், இல்லன்னா உங்களுக்கு இருந்தப்ப வந்திருக்கும். அத இப்ப ஆராஞ்சி என்ன பண்றது" என்றாள் சிந்துஜா. "சில பேருக்கு மாசமா இருக்கறப்பதான் வெளிய காட்டும். பால் குடுக்கறவங்களும் மாத்திர சாப்டலாம், புள்ளக்கி ஒண்ணும் ஆவாது. வெரலு மரத்துப்போவுதுன்னு சொல்றாங்களே, அதுக்குத்தான் பயப்படறேன். நரம்பு முழுசாப் போறதுக்குள்ள வாங்க. போயிடுச்சின்னா மாத்திர திருப்பித் தராது, அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு போனாள். வெண்மதி தூளியை ஆட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே போயிற்று. ராமாமிர்தம் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போக நாள் குறித்திருந்தார்கள். கதிர்வேல் சாப்பிடும்போதெல்லாம் ஜாடையாகப் பார்த்தான். பொறுக்க முடியாமல் ஒரு நாள் வாசலில் வைத்துக் கேட்டான்.

"சொன்னியா?"

"சொன்னா அவ மாமியா திரும்பக் கூட்டிப் போவுமா மாமா?"

"சொல்லாட்டி அவ கையி என்னாவும்?"

அந்த நாட்களில் அம்மா அவளை விடவே இல்லை. சோறு வடிக்கும்போது பக்கத்தில் இருந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தாள். நர்சரியில் பலாக்கன்றுகளின் வரிசைக்கு நடுவே, குனிந்தபடி, முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். செத்த விரல்களை அந்தப் பிடி இப்போது இறுக்கிப் பிடித்து இழுத்தது. சொல்லிவிடு என்று இழுக்கிறாளா, சொல்லாதே என்று இழுக்கிறாளா என்று இளவரசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதற்கும்மா இப்படி என்னைப் போட்டு வதைக்கிறாய் என்று ஒரு தடவை வாய்விட்டே கேட்டாள். பக்கத்தில் பாக்கெட்டில் மண் அடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் குனிந்துகொண்டாள்.

ராமாமிர்தம் வருவதற்கு முந்தின நாள், காகிதப்பூச் செடிகளைத் தொட்டி மாற்றுகிற வேலை. முள் என்றால் சாதாரண முள் இல்லை அதற்கு. இளவரசி சோப்பைப் பிறாண்டவில்லை. உள்ளுறையையும் போடவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டுவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கிழிந்திருந்த ரப்பர் உறை ஒன்றை மாட்டிக்கொண்டு, பழைய தொட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள், தொட்டி வந்தது. அடுத்ததை இழுத்தாள். மூன்றாவதை இழுக்கும்போது செம்பருத்திக்காரி கத்தினாள்.

"டாக்டரம்மா, ரத்தம்."

குனிந்து பார்த்தாள். உறையின் கிழிசல் வழியாக ரத்தம் வழிந்து தொட்டி மண் நனைந்திருந்தது. உறையைக் கழற்றினார்கள். சுண்டுவிரல் நகம் அடியோடு பெயர்ந்து, ஒரு ஓரத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். இளவரசி மட்டும் வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலயா உனக்கு?" என்றாள் செம்பருத்திக்காரி. அப்போது அவள் டாக்டரம்மா என்று சொல்லவில்லை.

"வலிக்குது" என்றாள் இளவரசி. சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லார் முகத்திலும் ஒரு மாறுதல் வந்ததைப் பார்த்தாள். அவர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது, ஏதோ புரிந்துவிட்டது. அவள் பயந்த அளவுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி பஞ்சும் துணியும் கொண்டுவந்தாள், செம்பருத்திக்காரியே உட்கார்ந்து கட்டிவிட்டாள். மத்தியானத்துக்கு முன்பே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மீதிப் பஞ்சைக் கையில் கொடுத்திருந்தார்கள். வீடு வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வெண்மதி கூடத்தில் துணி மடித்து ஊருக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை தூளியில் தூங்கியது. கட்டைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"ஐயோ, என்னக்கா ஆச்சி?"

"அதெல்லாம் அப்பறம் சொல்றேன். நீ அப்படித் திரும்பி உக்காரு. ரவிக்கைய எறக்கு."

"எதுக்கு?"

"உக்காருடி, சொல்றேன்."

அக்கா சொன்னால் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லாதவள். உட்கார்ந்தாள். இளவரசி பஞ்சைத் திரி மாதிரி உருட்டிக்கொண்டாள்.

"கண்ண மூடிக்க. நான் தொடறப்ப தொடறப்ப ம் சொல்லணும்."

"சின்னப் புள்ள வெளாட்டு வெளாடற வயசாக்கா உனக்கு?" என்று சிரித்தாலும் கண்ணை மூடிக்கொண்டாள்.

கழுத்தில் தொட்டாள்.

"ம்."

வலது தோளில்.

"ம்."

இடுப்பில்.

"ம். கூசுதுக்கா."

இளவரசி அந்த வெளுத்த இடத்தின் நடுவில் பஞ்சை வைத்தாள். வெண்மதி பேசாமல் இருந்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். பேச்சில்லை. பஞ்சை விட்டுவிட்டுப் பெருவிரல் நகத்தாலேயே தொட்டாள், அழுத்தினாள், அந்த இடம் முழுக்கத் தடவிப் பார்த்தாள். வெண்மதி கண்ணை மூடியபடி, உதட்டில் சிரிப்போடு, காத்திருந்தாள்.

"என்னக்கா, தூங்கிட்டியா? எப்பத்தான் தொடுவ?"

இளவரசி அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"தொட்டுக்கிட்டேதான்டி இருக்கறேன்."

வெண்மதி கண்ணைத் திறந்து திரும்பினாள். தன் முதுகின் மேல் இருந்த அக்காவின் கையைப் பார்த்தாள். அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். இளவரசி கட்டை அவிழ்த்து விரலை அவளுக்கு முன்னால் வைத்தாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். கருவாட்டு வாடையைச் சொன்னாள், மாத்திரையைச் சொன்னாள், ஹாஸ்டல் என்று பொய் சொன்னதைச் சொன்னாள். அம்மாவின் விரல்களைச் சொன்னாள். பால் கொட்டவில்லை, வெந்நீர் என்றாள்.

வெண்மதி இறக்கியிருந்த ரவிக்கையை மேலே இழுத்துக்கொண்டாள்.

"ஊத்துனது யாரு?" என்றாள்.

"நான்தான்."

வெண்மதி தலையைக் குனிந்துகொண்டாள். கோபமா, வெறுப்பா, என்னவென்று தெரியவில்லை. இளவரசி அவளைத் தொடப் போனாள், தைரியம் வராமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை முழித்துக்கொண்டது. பசி அழுகை. தூளி குலுங்கியது. வெண்மதி எழுந்திருக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துவிட்டு, மடித்துக்கொண்டிருந்த புடவைக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

"நீ தூக்குக்கா. எனக்கு வேணாம்."

"பாலுக்கு அழுவற புள்ளய நான் தூக்கி என்னா பண்ண? பாலு குடுக்கலாம்னு நர்ஸு சொல்லுது. மாத்திர சாப்ட்டுக்கிட்டே குடுக்கலாம்."

"வேணாம்க்கா. பயமா இருக்குது."

பிள்ளையின் அழுகை ஏறியது. இளவரசி தூளிப் பக்கம் போகவில்லை. தங்கச்சிக்கு எதிரில், தரையில், நெருங்கி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வெந்நீ பட்டதோட அம்மா கைய முந்தானையில சுத்திக்கிட்டவதான். அதுக்கப்பறம் உன்னத் தொடவே இல்ல. சாவற வரைக்கும் தொடல. நான்தான் உன்னத் தூக்கிட்டுப் போயி அவ மடியில வெப்பேன். நீ பாலு குடிச்சிக்கிட்டே கைய நீட்டி அவ கையத் தேடுவ. அவ குடுக்க மாட்டா. நீ தேடித் தேடி அப்பிடியே தூங்கிடுவ. நான் பாத்துக்கிட்டே நிப்பேன்." இளவரசி மூச்சு விட்டுக்கொண்டாள். "அத ஒரு தடவ பாத்தது போதும்டி எனக்கு. எந்திரி."

வெண்மதி புடவைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் புடவையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். தூளியை விலக்கிப் பிள்ளையை எடுத்தாள், சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து மார்பில் போட்டுக்கொண்டாள். அழுகை நின்றது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிப் பிள்ளையின் தலையில் விழுந்தது. பிள்ளை குடித்துக்கொண்டே ஒரு கையை எடுத்துக் காற்றில் துழாவியது. வெண்மதி தன் கையைக் கொடுத்தாள். கைக்கு அகப்பட்ட சுண்டுவிரலை அது பிடித்துக்கொண்டது.

"புடிக்கிறது தெரியுதாடி?" என்றாள் இளவரசி.

வெண்மதி கண்ணை மூடிப் பார்த்தாள்.

"தெரியுதுக்கா" என்றாள். "கொஞ்சமாத் தெரியுது."

இளவரசி எழுந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை உடனே வீட்டுக்கு எடுத்து வரச்சொல்லிக் கதிர்வேலுக்கு போன் போட்டாள்.